கதவைச் சாத்திப் பதிவு செய்த பாட்டுகள்

பழைய கேசட்டைச் சிடியாக்கித் தரும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: பாட்டை மட்டும் கொடுப்பதாக நினைத்துக் கொடுப்பார்கள், உள்ளே வீடே இருக்கும்.

ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் பெருங்களத்தூரில் எங்கள் ஃபிளாட் ஹால்தான் என் கடை. பையனுக்கு வாங்கிய கம்ப்யூட்டர், அண்ணன் விட்டுப்போன டேப் டெக், நடுவில் ஒரு ஒயர். வீட்டிலேயே தொழில் செய்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்துத்தான் கஸ்டமர் பெல் அடிப்பார். என்னிடம் வந்தவர்கள் பாதிப் பேர் நரைத்த மீசைக்காரர்கள். கொண்டுவந்ததெல்லாம் எழுபதுகளின் இங்கிலீஷ் ராக். கான்வென்ட் ஹாஸ்டலில் நான் சிஸ்டர்களுக்குத் தெரியாமல் கேட்டு வளர்ந்த சமாசாரம் என்பதால், எந்தப் பாட்டில் கிட்டார் எங்கே ஏறும், டிரம் எங்கே இடிக்கும் என்று எனக்கு அத்துப்படி.

அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் ரெக்கார்டு பிளேயர் இருக்கும். அதை இரவல் வாங்கி வருவார்கள். ஒயர் போட்டு இணைக்க யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, கதவைச் சாத்திவிட்டு, 'யாரும் மூச்சு விடக் கூடாது' என்று வீட்டையே மிரட்டிப் பதிவு செய்வார்கள். வீடு என்றைக்கு மூச்சு விடாமல் இருந்திருக்கிறது?

இரும்புலியூர் ஸ்டெல்லா டீச்சர் கொண்டுவந்ததும் அப்படி ஒரு கேசட்தான். அவருடைய அண்ணன் எட்வின் பதிவு செய்தது. காலேஜில் படிக்கும்போது கோவளத்துக்குக் குளிக்கப் போனவனைக் கடல் இழுத்துக்கொண்டது. மீனவர்கள் படகு போட்டுத் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. "பாட்டு எனக்கு வேணாம் மேடம். நடுவுல எங்கயாவது அவன் ஒரு வார்த்தை பேசியிருந்தா போதும். அவன் குரல் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு" என்றார். நாடா காய்ந்து சருகாக இருந்தது. ஒரே ஒரு தடவை ஓடினால் பெரிசு, அறுந்தால் அவ்வளவுதான். அவசரப்பட்டுக் கை வைக்க வேண்டாம் என்று அதைப் பீரோவில் பூட்டிவிட்டு, மற்றவர்களுடையதை முதலில் எடுத்தேன்.

விசில் இல்லாத பாட்டு

பேங்க் ஆபீசர் ஒருவரின் கேசட்டில், கிட்டார் தனியாக மேலே ஏறுகிற இடத்தில் சரியாகக் குக்கர் விசில் அடித்தது. நான் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, அந்த விசிலைச் சுரண்டி எடுத்து, பாட்டைப் பளிங்கு மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். மறுநாளே வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் வாயில் ரெண்டு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

மனுஷன் சண்டை போடவில்லை. இந்தப் பாட்டை வெளியே எங்கே கேட்டாலும் அந்த இடம் வரும்போது விசிலுக்காகக் காது காத்துக்கொண்டிருக்குமாம். உள்ளே கூட வராமல், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டு நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா சமையல்கட்டுல எங்கம்மா இல்லையே."

காலிங் பெல்

என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலை. பகலில் ஹால் சோபாவில்தான் தூக்கம். ஒரு நாள் எவரோ ஒருவருடைய கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல் அடித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தார். யாரும் இல்லை. பாட்டின் துவக்கம் சரியாக விழவில்லை என்று நான் மறுபடி ஓட்டினேன். மறுபடி பெல், மறுபடி எழுந்து போனார். பெல் கேசட்டுக்குள் அடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் இந்த முறை பெல்லுக்கு அப்புறம் செருப்பைக் கழற்றும் சத்தமும், ஒரு பொம்பளை "வரலாமா?" என்று கேட்டதும் எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டுவிட்டது. திறந்த கதவருகே நின்று வெறும் மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து படுத்தார். "இதுக்கு மேல எவ பெல் அடிச்சாலும் நீயே போய் உள்ள கூப்பிடு, வசந்தா."

பின்னோக்கிப் பேசிய சாத்தான்

சர்ச் கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் வந்தார். நெற்றியில் இவ்வளவு பெரிய பொட்டோடு நின்றாலும் அவருக்கு நான் சிஸ்டர்தான். மகனுடைய ராக் கேசட்டில் சாத்தான் தலைகீழாகப் பேசுகிறான், கேட்டுச் சொல்லுங்கள் என்றார். ஓட்டினேன். பொய் சொல்லக் கூடாது, எனக்குப் பிடரி சிலிர்த்தது. பாட்டு அடங்குகிற இடத்தில், அடித்தொண்டையில் ஓர் ஆண்குரல் வார்த்தைகளை விழுங்கி விழுங்கி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது.

கேசட்டின் ரெண்டு பக்கமும் ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட் கொஞ்சம் விலகினால், மறுபக்கம் பின்னோக்கிக் கசியும். அந்தத் துண்டைக் கம்ப்யூட்டரில் திருப்பி ஓட்டினேன். உருக்கமான ஜெபம், சாட்சாத் இவர் குரல். எப்போதோ வீட்டில் பழகுவதற்காகப் பதிவு செய்து மறந்த கேசட்டின் மறுபக்கத்தில்தான் பையன் பாட்டைப் பிடித்திருக்கிறான். பெரியவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப இவ்வளவு நாளா நான் உபவாசம் இருந்து விரட்டினது என்னையா, சிஸ்டர்?"

எட்வினின் அறை

இனித் தள்ளிப்போட முடியாது என்று ஸ்டெல்லா டீச்சரை வரச் சொன்னேன். நாடாவை வேறு கேசட் கூட்டுக்கு மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடவிட்டேன். பாட்டு, பாட்டு, பாட்டு. ஒரு வார்த்தை இல்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் டீச்சரும் அம்மாவும் கொயர் பிராக்டீஸுக்குப் போன பிறகுதான் எட்வின் பதிவு செய்வானாம். அப்பாவும் வெளியே போய்விடுவாராம், வீடு காலியாக இருக்குமாம். அப்பாவுக்கு இந்தப் பாட்டே ஆகாது. "காட்டுக் கத்தல்னு திட்டுவார். அவன் செத்த வாரமே ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக் கிணத்துல போட்டார் மேடம். அதுலேர்ந்து நான் அவருக்குச் சோறு போடறேன், பேசறதில்ல" என்றார்.

கடைசிப் பாட்டு வந்தது. ஆர்கன் நீளமாக இழுத்துக்கொண்டே போய், திடீரென்று எல்லா வாத்தியமும் நிற்கும்; ஒரு மூச்சு வெறுமை; பிறகு கிட்டார் கிழித்துக்கொண்டு பாயும். அந்த வெறுமைக்காகவே அந்தப் பாட்டை யாராலும் மறக்க முடியாது. அந்த வெறுமையில் யாரோ இருமினார்கள். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அப்பா" என்றார்.

பாட்டு முடிந்தது. நாடா வெறுமனே ஓடியது. எங்கோ சுவருக்குப் பின்னால் இருந்து வருவதுபோல, மெல்லிசாக, "அப்பா..." என்று ஒரு பையன் குரல். நான் எழுந்தே விட்டேன். வருஷக்கணக்கில் இறுகச் சுற்றிக் கிடந்தால் நாடாவின் ஒரு சுற்று அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். வரப்போகும் சத்தம் முன்கூட்டியே நிழல் மாதிரி கேட்கும். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் உட்கார முடியவில்லை. அடுத்து அதே குரல் தெளிவாக வந்தது: "அப்பா, இருமாதீங்கன்னு சொன்னேன்ல? டேப்ல விழுந்துடுச்சு பாருங்க!" ரெண்டு பேர் சிரித்தார்கள். டக்கென்று பட்டன் சத்தம். நாடா பிழைத்தது.

அப்பாவுக்குத் தனியாகப் போட்டுக் காட்டப் பயம் என்று டீச்சர் என்னையும் இரும்புலியூருக்கு இழுத்துப் போனார். அப்பா கட்டிலில் கிடந்தார்; நாங்கள் நுழைந்ததிலிருந்து ஓயாத இருமல். சிடி ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆர்கன் இழுத்தது, நின்றது. பெட்டிக்குள் அவர் இருமினார். கட்டிலில் அவர் துண்டால் வாயை அழுத்திப் பொத்திக்கொண்டு, முகம் சிவக்க, சத்தமே இல்லாமல் கிடந்தார். கிட்டார் பாய்ந்து ஓய்ந்து, எட்வின் திட்டி முடிக்கும்வரை துண்டை எடுக்கவில்லை. டீச்சர் போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தார். அவர் எங்கள் ரெண்டு பேரையும் பார்க்கவில்லை, சாத்தியிருந்த கதவைப் பார்த்து, சாதாரணமாக, பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "இந்த வாட்டி நான் இருமலைடா."

இதற்கு அப்புறமும் 'இரைச்சலை மட்டும் எடுத்துடுங்க மேடம்' என்று யாராவது கேசட்டை நீட்டினால், பாவம், இவர் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.