தெருவோடு ஓடும் வயர்

ஒஹாயோவில் வீட்டுக்குள் ஒரு வயர் வரவேண்டுமென்றால் முதலில் அரை மணி நேரம் தொலைபேசியில் பாட்டுக் கேட்க வேண்டும். பாட்டு நடுவில் நின்று ஒரு பெண் குரல் வரும். நம் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டு, இன்று உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்கும். பெரம்பலூரில் என் தம்பி வீட்டுக் கேபிள்காரர் பழனி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. மாடிக்கு எந்தப் பக்கம் போவது என்று கேட்பார், அவ்வளவுதான். போன மாதம் நான் அப்படியொரு பெண்ணிடம் பேசினேன். கேபிள் இணையத்தை விட்டுவிட்டு, தொலைபேசி வயரிலேயே வரும் டி.எஸ்.எல்.லுக்கு மாற வேண்டும் என்றேன். எங்களுடையது கேபிளைவிட வேகம் குறைவு, தெரியுமா என்று அவள் நேர்மையாகவே கேட்டாள். தெரியும் என்றேன். பிறகு ஏன் மாறுகிறீர்கள் என்றாள். மனதில் இருந்ததை அப்படியே கேட்டுவிட்டேன்.

“தெருவில் யாராவது இறந்துபோனால் உங்கள் லைனை நிறுத்துவீர்களா?”

“உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன், மேடம்.”

“இல்லை, யாரும் சாகவில்லை. என் மகள் நன்றாக இருக்கிறாள்.”

“அதைக் கேட்க ரொம்பச் சந்தோஷம்” என்றவள், ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் பாட்டைப் போட்டுவிட்டாள். கையில் போனோடு சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன். அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் நான் சிரித்த நினைவே இல்லை.

பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் தாய்தகப்பன்மார் இதைப் படித்தால், எந்த இணைப்பு நல்லது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நான் பொறியாளர் அல்ல. அரியலூரில் ஒரு பள்ளியில் பதினாறு வருடம் சமூக அறிவியல் நடத்தியவள். கணவருக்கு இங்கே வேலை கிடைத்து 2006 ஜூனில் கிளம்பி வந்தோம். ஒரே மகள் கயல்விழி அப்போதுதான் பிளஸ் டூவில் கால் வைத்திருந்தாள். பொதுத்தேர்வை முடித்துவிட்டு வரட்டும் என்று பெரம்பலூரில் என் தம்பி குமார் வீட்டில் விட்டோம். குமாருக்குப் பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி உதிரிபாகக் கடை. காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் வருவான். அவன் மனைவி மல்லிகா கயலைத் தன் பிள்ளையாகப் பார்த்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் விமானத்தில் அழுதுகொண்டேதான் வந்தேன்.

கொலம்பஸில் வீடு பிடித்த வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்தது. கேபிளா, டி.எஸ்.எல்.லா? கணவருடன் வேலை பார்ப்பவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கேபிள் இணையம் டிவி வருகிற அதே தடித்த வயரில் வரும். வேகம் அதிகம், ஆனால் தெரு முழுவதற்கும் பொது. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி உட்கார்ந்தால் இழுத்துக்கொண்டு நிற்கும். டி.எஸ்.எல். தொலைபேசிக் கம்பியில் வரும். மெதுவானது, எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளிப் போகப் போக இன்னும் மெதுவாகும். ஆனால் அந்தக் கம்பி நம் வீட்டுக்கென்றே தனியாக வருவது. நான் இதில் வேகம் என்ற ஒரு சொல்லை மட்டும்தான் காதில் வாங்கினேன். மகள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கேபிளே போட்டோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. குமார் வீட்டில் பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. அதிலேயே பிராட்பேண்ட் தருகிறார்கள், எக்ஸ்சேஞ்ச் இரண்டு தெரு தள்ளித்தான் என்று அவன் சொன்னான். அதே சமயம் பழனியும் கேபிளில் இணையம் கொடுக்க ஆரம்பித்திருந்தார். “தொலைபேசி ஆபீசுக்கு எழுதிப்போட்டுட்டு எப்ப வருவானோன்னு உக்காந்திருக்கணும். பழனின்னா ஒரு சத்தம் குடுத்தா மாடி ஏறிடுவாரு” என்று மல்லிகா சொன்னாள். நானும் அமெரிக்காவில் ஒரு மாதம் இருந்துவிட்ட தைரியத்தில் அடித்துச் சொன்னேன்: “கேபிளே போடு. இனிமே கம்ப்யூட்டர்லயே மூஞ்சியப் பாத்துப் பேசப்போறோம், அந்தப் பழைய போன் எதுக்கு? சரண்டர் பண்ணிடு.” குமார் தயங்கினான். பிறகு அக்கா சொன்னால் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

ஆறு மாதம் எல்லாம் நன்றாகப் போயிற்று. எனக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை. கயல் பள்ளிவிட்டு வந்து, யூனிஃபார்ம் மாற்றாமல், கையில் முறுக்கோடு கேமரா முன்னால் உட்காருவாள். பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தம்பி வீட்டுத் தெரு. எதிர்வீட்டு வெங்காய மண்டிக்காரர் சாய்வு நாற்காலியில் இருப்பது கூடத் தெரியும். எண்பது வயதுக்கு மேல் ஆனவர். “தாத்தா, அம்மா பேசுறாங்க!” என்று கயல் கத்தினால் அவர் கையைத் தூக்குவார். வெளியே பனி கொட்டும் ஊரில் இருந்துகொண்டு நான் கம்ப்யூட்டருக்குக் கும்பிடு போடுவேன். கணவர் சிரிப்பார்.

பொங்கல் முடிந்து கயலுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் விட்டுவிடும் என்றார்கள், விடவில்லை. நான்காம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருப்பதாகச் சொன்னார் டாக்டர். நாளைக்கு மறுபடி பார்ப்போம், இன்னும் இறங்கினால் திருச்சிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாராம். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். ரத்தம் எடுத்தாயிற்று, ரிசல்ட் இன்னும் வரவில்லை, குமார் இன்று கடைக்குப் போகவில்லை, வெளியே தெருவில்தான் நிற்கிறான் என்றாள். வெளியே யாரோ கூப்பிட, “இருங்க அண்ணி, வந்துடறேன்” என்று எழுந்து போனாள். கயல் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றுவிட்டது.

பாதி மூடிய கண், திறந்த வாய். என் மகளின் முகம் அசையாமல் திரையில் இருந்தது. சில நொடிகளில் அதுவும் போய், இணைப்பு இல்லை என்று வந்தது. மறுபடி மறுபடி அழுத்தினேன். எங்கள் வீட்டு மோடத்தில் எல்லா விளக்கும் எரிந்தன. குமாரின் செல்லுக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மல்லிகாவிடம் செல் இல்லை. வீட்டுத் தொலைபேசியை நானே சரண்டர் பண்ணச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் விடாமல் போட்ட பிறகு யாரோ எடுத்தார்கள். தம்பியின் குரல் இல்லை. பின்னால் பறைச் சத்தம், பெண்கள் ஒப்பாரி.

“குமார் இருக்கானா? நான் அவன் அக்கா பேசுறேன்.”

“இது சாவு வூடுங்க. அவரு பந்தலுக்குச் சொல்லப் போயிருக்காரு, செல்லு இங்கன சேர்ல கெடந்துச்சு. ஒண்ணும் கேக்கல, அப்புறம் பண்ணுங்க.” வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் நடந்ததை நான் எழுதப்போவதில்லை, எழுதவும் வராது. கணவர் விமான டிக்கெட்டுக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதும், நான் தரையில் உட்கார்ந்து, அணைந்துபோன திரையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் மட்டும் நினைவிருக்கிறது. பிறகு போன் அடித்தது.

“அம்மா, நாந்தான். மெயின்ரோட்டு எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து பேசுறேன்.”

நான் வாய்விட்டு அழுதேன்.

“ஏம்மா அழுவுற? செத்தது மண்டிக்காரத் தாத்தாம்மா. நாற்காலில உக்காந்தபடியே போயிட்டாரு. தெருவுல கேபிள நிறுத்திட்டாங்க, நெட்டும் போயிருச்சு. நீ பயந்துருப்பேன்னு அத்தைய வண்டி எடுக்கச் சொல்லி வந்தேன். லேப்ல கேட்டுட்டுத்தான் வரோம். தட்டணு ஏறிருக்காம். திருச்சி வேணாமாம்.”

“காய்ச்சலோட எதுக்குடி வண்டில வந்த?” என்று கத்தினேன். நல்ல செய்தியைக் கேட்டதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை அந்தத் திட்டுதான்.

“பாத்தியா அத்தை, நான் சொல்லல? திட்டுதான் வாங்குவேன்னேன்ல” என்று அவள் பக்கத்தில் நின்ற மல்லிகாவிடம் சொல்வது கேட்டது.

அன்றே குமார் பழனியை என்னிடம் பேசவைத்தான். நான் என்னென்னவோ கேட்கத் தயாராக இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. தெருவுல பொணம் கெடக்கச்சே வூட்டுக்கு வூடு பாட்டு ஓடுனா நல்லாவா இருக்கும்?”

“டிவிய நிறுத்துங்க, யாரு வேணாம்னா? நெட்ட எதுக்குங்க நிறுத்துனீங்க?”

“ரெண்டும் ஒரே வயருக்கா. தனித்தனியா நிறுத்த நான் என்ன அமெரிக்காவுலயா இருக்கேன்?”

பக்கத்தில் குமார் சிரித்துவிட்டான். எனக்கும் கோபம் நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் அரியலூரில் என் அப்பா இறந்த அன்று கிரிக்கெட் மேட்ச். சிமெண்ட் லாரி போகும் எங்கள் தெருவில் அன்று எல்லா வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கத்தி அழுத சத்தம் கேட்ட ஐந்தாவது நிமிடம் தெரு முழுக்க டிவி ஒரே அடியாக அடங்கியது. கேபிள்காரரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. மேட்ச் போய்விட்டதே என்று ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அப்பாவை எடுக்கும்வரை அந்த நிசப்தம் இருந்தது. தெருவே எங்களோடு உட்கார்ந்திருந்த மாதிரி எனக்கு இருந்தது. அப்படியிருந்தும், மகளோடு பேசும் வழியைக் கேபிளில் கோத்தபோது இது என் நினைவுக்கு வரவில்லை. கணவரோடு வேலை பார்ப்பவர் தாளில் போட்ட படத்தில் அது இல்லை.

அந்த வாரமே குமார் மறுபடி தொலைபேசிக்கு எழுதிப்போட்டான். பத்து நாளில் டி.எஸ்.எல். வந்துவிட்டது. படம் முன்னைவிட மங்கல்தான். ஆனால் பழனியின் கேபிள் அடுத்த தெருவில் கரண்ட் போனாலும் நின்றுவிடும், இது நிற்பதில்லை. கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தாலும் பக்கத்தில் தொலைபேசி இருக்கிறது, எடுத்துப் பேசலாம். ஆகவே ஊரில் எது நல்லது என்று கேட்டால், எனக்கு டி.எஸ்.எல்.தான். டிவிக்குக் கேபிள் இருக்கட்டும், அது தெருவோடு சேர்ந்து ஓடவும் நிற்கவும் வேண்டியதுதான்.

இங்கேயும் மாற்றினேன். “இந்த ஊருல எவன் செத்தாலும் எவனும் கேபிள நிறுத்தமாட்டான். இருக்கற வேகத்த வுட்டுட்டு எதுக்கு மாத்துற?” என்று கணவர் கேட்டார். படம் நின்ற அந்த நொடி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை, அந்த வயரில் மறுபடி அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்பதுதான் பதில். டிவிக்கு மட்டும் கேபிளை வைத்துக்கொண்டோம்.

நேற்றுச் சனிக்கிழமை. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ். சைரன் இல்லை. அங்கே தனியாக இருந்த வால்ட்டர் என்ற கிழவரை மூடி எடுத்துப் போனார்கள். பனி தள்ளும்போது என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான் பழக்கம். ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கணவர் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் டிவியை அணைத்தேன். ஏன் என்பதுபோல் பார்த்தார். எதிர்வீட்டைக் காட்டினேன். ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு அவரும் ஜன்னலருகே வந்து நின்றார்.

டி.எஸ்.எல். மோடத்தின் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஏழு மணி ஆனதும் கயல் வந்தாள். காய்ச்சலில் இளைத்த முகம் பழையபடி தேறியிருந்தது.

“என்னம்மா, உங்க வூட்ல சத்தத்தையே காணோம்? அப்பா டிவி பாக்கலையா?”

“தெருவுல ஒரு சாவுடி” என்றேன்.

“ஐயோ, யாரும்மா?” என்று கேட்டபடியே அவள் சட்டென்று எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, தன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.