மாடியில் காய்ந்த நெத்திலி

நான் சங்கரன்கோவிலில் வீட்டிலிருந்தபடியே கடற்கரைக்குக் கோடு போடுகிறவள். ட்ரோன் எடுத்த படங்களைச் சென்னைக் கம்பெனி அனுப்பும். தண்ணீர் எங்கே முடிகிறதோ அங்கே கணினியில் கோடு வரைய வேண்டும். பழைய கோட்டையும் புதிய கோட்டையும் ஒப்பிட்டு, கடல் எந்த ஊரைத் தின்கிறது என்று வரைபடம் சொல்லும். ஆபத்தான ஊர் சிவப்பு, பயமில்லாத ஊர் பச்சை. சிவப்புக்குத்தான் கல் தடுப்புச் சுவர் கிடைக்கும்.

"குளமே வத்திக் கெடக்க ஊர்ல உக்காந்துக்கிட்டு கடலை அளக்காளாம்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

போன வருஷம் தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஊர் ஒன்றின் படங்கள் வந்தன. புதிய படத்தில் மணல் முன்னைவிட அகலமாக இருந்தது. கோடு கடல் பக்கம் நகர, ஊர் பச்சையாகிவிட்டது. நல்லதுதானே என்று மூடப் போனேன். ஆனால் ஒன்று உறுத்தியது. பழைய படத்தில் வீட்டு வாசல்களுக்கு முன்னால் மணலில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. புதிய படத்தில் அவ்வளவு மணலும் சும்மா கிடக்க, மீனெல்லாம் மொட்டைமாடியில் காய்ந்தது. வாசலிலேயே இடம் இருக்கும்போது எந்தப் பொம்பளை கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாள்? ஒரு படி மிளகாய் வற்றலுக்கே நான் ஏறமாட்டேன்.

சென்னை மேனேஜரிடம் போனில் சொன்னேன்.

"மேடம், மீன் எங்க காயுதுன்னு குறிக்கறதுக்கெல்லாம் நம்ம மேப்ல லேயர் கிடையாது."

"லேயர் இல்லன்னா கடல் வராம இருந்துருமா சார்?" என்று கத்திவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வேலை போய்விடுமோ என்று தோன்றியது. என் சுபாவமே அதுதான். முதலில் கத்துவேன், அப்புறம் பயப்படுவேன்.

மறுநாள் பஸ் ஏறி அந்த ஊருக்கே போனேன். ஒரு மாடியில் நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா என்னை மேலே கூப்பிட்டார். கீழே கடல் தள்ளித்தான் கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் கடல் ஏற்றம் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மணல் முழுவதையும் விழுங்கிவிட்டு, அலை அக்காவின் வாசல்படியில் வந்து அடித்தது. அப்போதுதான் புரிந்தது. கடல் வற்றிக் கிடந்த நேரம் பார்த்து ட்ரோன் பறந்திருக்கிறது.

"எம் மவ இப்பத்தான் உண்டாயிருக்கா" என்றார் அக்கா. "தலைப்பிரசவத்துக்கு இந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டாவ. அவியளக் குத்தம் சொல்ல முடியுமா மக்கா? பச்சப்புள்ளையத் தூக்கிட்டு எங்கன ஓட?"

சொன்னவர் அழவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டியது. தலைப்பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவர முடியாத தாய்வீடு என்ன தாய்வீடு?

அலை தொட்ட இடங்களில் எல்லாம் போனோடு நடந்து, ஒவ்வொரு வாசலின் இருப்பிடத்தையும் பதிந்து, வீடியோவும் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. "கடலுக்குப் புதுசுபோல" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

மேனேஜரைச் சும்மா சொல்லக்கூடாது. பார்த்ததும், "ஏற்றத்துல திரும்பப் பறக்கச் சொல்றேன் மேடம்" என்றார். இனி எல்லா ஊருக்கும் அப்படித்தான் என்று விதியையும் மாற்றினார். புதிய படம் வந்தது. கோட்டை வாசல்படிகளை ஒட்டியே வரைந்தேன். ஊர் சிவப்பானது. ஓர் ஊருக்கு ஆபத்து என்று குறித்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அவசர வேலை என்று லாரிகளில் பாறை வந்து இறங்கி, சில மாதங்களில் வாசல்களுக்கு முன்னால் சுவரும் எழுந்துவிட்டது. இந்தச் சுவரால் வடக்கே அடுத்த ஊரைக் கடல் அரிக்கலாம் என்கிறார்கள். அதனால் அந்த ஊரையும் இப்போதே படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார்.

"மவளக் கூட்டிட்டு வந்துட்டேன் மக்கா."

"யக்கா! நெசமாவா?"

"மெதுவாப் பேசுட்டி. இப்பத்தான் கண்ணசந்திருக்கா."

இங்கே சங்கரன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு நானும் குரலைத் தாழ்த்தினேன்.