கப்பலுக்கு எது காது?

புது மோட்டார் சைக்கிளின் வலது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிட்டிகை மஞ்சள் ஒட்டரிசிச் சோற்றை அப்பி, கட்டைவிரலால் அழுத்திவிட்டுத்தான் சஃபியாதுன் நிமிர்ந்தாள். “இனிமே வண்டி சூடாகாது. சூடாச்சுன்னா அது ஓட்டுறவன் குத்தம், என்கிட்ட வரக் கூடாது.”

உலேலே படகுத்துறையில் வாழைப்பழம் பொரித்து விற்பது அவள் பிழைப்பு; பெசிஜுக் என்ற குளிரவைக்கும் சடங்கைச் செய்வது அவள் பைத்தியம். மணமக்களோ, ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்களோ, மாவரைக்கும் இயந்திரமோ, புதிதாக எது வந்தாலும் குளிரவைத்தாக வேண்டும். மாவு கரைத்த நீரில் தழைக்கொத்தைத் தோய்த்துத் தெளித்து, அரிசி தூவி, கடைசியில் காதோரம் ஒட்டரிசி வைக்க வேண்டும். மனிதருக்குக் காது இருக்கிறது. மற்றவற்றுக்கு அவள்தான் தேடிப் பிடிப்பாள். காப்பிக்கடையின் புது ஃபிரிட்ஜுக்குக் கைப்பிடிதான் காது என்று அவள் சொன்னதை ஊரே ஏற்றுக்கொண்டது.

படகுகளுக்கு மட்டும் கரையில் நின்றே எறிவாள். பெரிய அலை தங்கை ஐனுனைக் கொண்டுபோன நாளிலிருந்து அவள் கால் மண்ணை விட்டு நகர்ந்ததில்லை.

“போன வருஷம் என் படகுக்கு எறிஞ்ச சோறு என் கண்ணுல விழுந்துச்சு” என்பான் படகுக்கார ஜகரியா. “மிச்சத்துல மீனுக்கெல்லாம் விருந்து.”

“உன் மூஞ்சிக்கு அதுவே ஜாஸ்தி, போடா!”

இந்த வாரம் கடற்படைக் கப்பல் ஒன்று வந்து நின்றது. படையையும் டாங்கியையும் அரிசி மூட்டையையும் சுமக்கிற கப்பல்; அலையில் போனவர்களின் நினைவாக ஊர்ப் பெயரையே வைத்துக் கட்டியது. சஃபியாதுன் சும்மா விடுவாளா?

“நம்ம ஊர்ல பொண்ணு கல்யாணமானாலும் தாய் வீட்டை விட்டுப் போறதில்ல. ஊர்ப் பேரை வச்ச இவ ஒருத்திதான் ஊர் ஊராச் சுத்துறா. வந்தவளைக் குளிரவைக்காம அனுப்பினா நல்லாவா இருக்கும்?”

மதியம் கப்பல் புறப்படுகிறது. காலையிலேயே தட்டோடு வந்துவிட்டாள். மூன்று முறை எறிந்தாள். மூன்றும் கடலில் விழுந்தன. ஜகரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மேலேயிருந்து சமையல்காரச் சிப்பாய் பர்மின் கூப்பிட்டான். ஜாவாக்காரன், பணிவானவன். “ஏறி வாங்கம்மா. நான் புடிச்சுக்கிறேன்.”

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். தட்டைப் பார்த்தாள், ஊர்ப் பெயர் எழுதிய இரும்பைப் பார்த்தாள். ஜகரியாவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

“பிஸ்மில்லா” என்று ஏறுபலகையில் கால் வைத்தாள். பலகை ஆடியது. இறங்கி வந்த பர்மினின் சட்டைக் கை கிழிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேல்தளத்தில் நின்று, காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

“கெட்டியாத்தான் கட்டியிருக்கானுங்க!”

கரை முழுதும் கைதட்டியது. அவள் தெளித்த நீரில் சிப்பாய்கள் நனைந்தார்கள். தூவிய அரிசி ஓர் அதிகாரியின் தொப்பியில் தங்கியது. கடைசியில் வந்தது வழக்கு: கப்பலுக்கு எது காது?

“மேல சுத்துதே, அந்த ராடார்தான்மா” என்றான் பர்மின்.

“அது தலைசுத்தல்.”

“புகைபோக்கி?” என்றார் அதிகாரி.

“அது மூக்கு. படிச்சவங்களுக்கு இதுகூடத் தெரியலையா?”

“அடியில ஒரு கருவி இருக்கு, தண்ணிக்குள்ள சத்தம் கேக்கும்” என்றான் இன்னொருவன்.

“தண்ணிக்குள்ள காதை வச்சா சளி புடிக்கும்டா!”

ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கையில், அவள் தட்டைக் கீழே வைத்தாள். கப்பலின் இரும்புச் சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஐனுன், அக்கா வந்திருக்கேன்டி. பாரு, தண்ணி மேலதான் நிக்கிறேன்.”

பிறகு ஒரு சிட்டிகை ஒட்டரிசியை எடுத்து, பேசிய அந்த இடத்திலேயே அப்பி, கட்டைவிரலால் அழுத்தினாள்.