மேல் பலகையில் வைத்த ஊறல்

பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரு வரி பொய் என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மார்கழி மாதத்துப் பக்கத்தில் அது இருக்கிறது. "பாட்டிலை மேல் பலகைக்கு மாற்றினேன். காரணம்: வெயில்." அந்தப் பக்கத்தில் மற்றவையெல்லாம் எண்கள். முந்தின நாள் காலை 38, மாலை 31, அன்று காலை 24. ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழ்கள் என்ற கணக்கு அது. எண்கள் சரியானவை. கடிகாரம் வைத்து எண்ணியவை.

அப்போது நான் போடியில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியர். வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி வைத்திருந்தேன். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தி நானே செய்தது. மற்றவர்கள் மீனுக்காகத் தொட்டி வைப்பார்கள், நான் செடிக்காக வைத்தேன். கொட்டகுடி ஆற்றில் பிடுங்கி வந்த வேலம்பாசியையும், பெயர் தெரியாத இரண்டு நீர்ச்செடிகளையும் மணலில் நட்டிருந்தேன். கொசுப் புழு சேராமலிருக்க ஏழு அயிரை மீன்களை விட்டிருந்தேன். இரண்டு மாதமாகியும் செடிகள் வளரவில்லை. வெளிச்சம் போதும், மண் போதும். தேங்கிய நீரில் கரியமில வாயு போதவில்லை என்று முடிவு செய்தேன். வெல்லக் கரைசலில் ஈஸ்ட் போட்டால் அது நொதித்து அந்த வாயு வரும். அதைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டால் செடி எடுத்துக்கொள்ளும். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைவதுதான்.

அந்த ஐப்பசியில் என் மனைவியின் தம்பி மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். முப்பத்தொரு வயது. ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் லோடையும் ஏற்றிப்போகும் ஜீப்பின் ஓட்டுநர். மலையில் குளிருக்கென்று ஆரம்பித்த குடி, கீழே இறங்கிய பிறகும் விடவில்லை. இனி ஒரு முறை தொட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிக்கே வந்து என் மனைவியிடம் சொன்னார்: "தைப்பொங்கல் வரைக்கும் தொடாம இருக்கட்டும் ஆத்தா. சாவிய நானே வீடு தேடிக் கொண்டாந்து தர்றேன்." அதுவரை அவன் எங்கள் வீட்டில் இருப்பது என்று முடிவானது.

வந்த அன்று தன் பையிலிருந்து காலியான ஒரு குளுக்கோஸ் பாட்டிலையும், அதன் ரப்பர் மூடியையும், குழாயையும் எடுத்து என் மேசையில் வைத்தான். நர்ஸம்மாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறான். பார்க்கப் போனபோது என் திட்டத்தை அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் நினைவில் வைத்திருப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"என் கையில ஏறுனது மச்சான். இனி அயிரைக்கு ஏறட்டும்" என்றான். பிறகு தொட்டியைக் குனிந்து பார்த்து, "ஊர்ல எல்லாரும் அயிரைய சட்டியில போடுவாக. தொட்டியில போட்டு வளக்குற ஒரே ஆளு நீங்கதான்" என்றான்.

உண்மையில் அந்த அமைப்பைச் செய்தவன் அவன்தான். கம்பியைக் காய்ச்சி மூடியில் துளையிட்டு, குழாயைச் செருகி, பஞ்சர் ஒட்டும் பசையால் அடைத்தான். குழாயின் நடுவே மருந்து சொட்டும் சின்ன அறை இருக்கும் அல்லவா, அதில் பாதி நீர் விட்டு நிறுத்தினான். வாயு அதன் வழியே குமிழாகக் கடந்து போனதால் எண்ண முடிந்தது. குழாயின் முனையில் காய்ந்த முருங்கைக் குச்சி ஒன்றைச் செருகியிருந்தோம். குமிழ்கள் அதன் வழியே பொடிப்பொடியாக நீரில் பிரிந்தன. பாட்டில் தரையில், தொட்டி மேசையில். முதல் நாள் நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. செடியின் இலைகளில் முத்து முத்தாகக் குமிழ் நின்றதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் பாட்டிலைத் திறந்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"இது என்ன வாடை?"

"ஊறல்தான் அக்கா. மச்சான் பேர மட்டும் மாத்திட்டாரு" என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. சாராயம் காய்ச்சப் போடும் ஊறலின் வாடை மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவன் வெளியே போனபின் என்னிடம், "அவன் இருக்கிற வீட்டுல இது எதுக்குங்க?" என்றாள். இது நொதித்தல், வாயுவுக்காகச் செய்வது, குடிப்பதற்கு ஆகாது என்றெல்லாம் விளக்கினேன். அவனே ஆசையாகச் செய்தது என்றும் சொன்னேன். "செய்யத் தெரிஞ்சவனுக்குத்தான் நான் பயப்படுறேன்" என்றாள். ஆனால் அதற்குமேல் தடுக்கவில்லை.

மார்கழியில் மலைக்காற்று இறங்கியதும் குமிழ்கள் குறைந்தன. காரணம் தேடுவதில் இருவரும் இறங்கினோம். நான் ஒவ்வொன்றாக எழுதி, சோதித்து, அடித்துக்கொண்டு வந்தேன். வெல்லம் குறைவா? மாற்றினோம், பயனில்லை. ஈஸ்ட் பழையதா? ரொட்டிக் கடையில் புதிதாக வாங்கினோம், இரண்டு நாள் ஏறி மறுபடி இறங்கியது. கசிவா? அவன் எச்சிலைத் தொட்டு மூடியின் ஓரத்தில் தடவி, டியூப்பில் பஞ்சர் பார்ப்பதுபோல் காதை வைத்துப் பார்த்தான். "இங்கன ஒண்ணு சீறுது மச்சான்" என்று ஓர் ஊசித் துளையைக் காட்டினான். மெழுகு உருக்கி அடைத்தோம். மறுபடி முப்பத்தெட்டு. அந்த நாட்களில் பள்ளி விட்டதும் வெரசா வீட்டுக்கு வருவேன். அவன் காலையிலேயே எண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வந்தபோது முன்னறையில் வேறொருவர் இருந்தார். அவனோடு ஜீப்பு ஓட்டிய பழைய கூட்டாளி. பாட்டிலைக் காட்டி ஏதோ சொல்லி இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வந்தவர், "வர்றேன் சார், சோலி கெடக்கு" என்று எழுந்து போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பாட்டிலைத் தரையிலிருந்து எடுத்து, தொட்டிக்கு மேலே சுவரில் உயரமாக இருந்த பலகையில் வைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கை எட்டும்.

"அங்க எதுக்கு மச்சான்?"

"கண்ணாடி ஓட்டு வழியா வெயில் விழும். சூடு இருந்தாத்தான் ஈஸ்ட் வேலை செய்யும்" என்றேன்.

அது அறிவியல்படி சரியான பதில். அதையே நாட்குறிப்பிலும் எழுதினேன். மறுநாள் நாற்பத்தொன்பது குமிழ்கள் வந்தபோது, நானே அந்தப் பதிலை நம்பவும் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை எண்ணிக்கை இருபது. அதோடு பாட்டிலில் கரைசலின் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. குமிழ் குறைந்ததற்கு நூறு காரணம் இருக்கலாம். மட்டம் இறங்கியதற்கு எனக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. வெள்ளைக் காகிதத்தை நீளமாக வெட்டி, அளவுகோல்போல் கோடு போட்டு, பாட்டிலின் பக்கத்தில் ஒட்டினேன். அவன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கோடு ஊறலுக்கா மச்சான், எனக்கா?"

"அளவு பாக்கத்தான்" என்றேன்.

அவன் பின்கட்டுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை மட்டம் மேலும் ஒரு கோடு இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பார்த்தேன். அவன் ஸ்டூலின்மேல் நின்றிருந்தான். ஒரு கையில் பாட்டிலிலிருந்து கழற்றிய குழாய். மறு கையின் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இறங்கு" என்றேன்.

"குமிழே வரல மச்சான். லைன் அடைச்சிருக்கு. வாய வச்சு உறிஞ்சிப் பாத்தேன். டீசல் லைன் அடைச்சா அப்படித்தான எடுப்போம். வாய்க்கு வந்தத துப்பிட்டேன், அந்தா சன்னல்ல..."

"இறங்கி வா. ஊது."

என் மனைவி சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்றாள். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"செக்போஸ்ட்டுல கூட இப்படிக் கேட்டா ஒரு சலாம் வச்சிட்டுப் போயிருவேன் மச்சான்" என்று சிரிக்க முயன்றான்.

நான் மறுபடியும், "ஊது மாப்ளே" என்றேன்.

அவன் ஊதினான். புளித்த வெல்லத்தின் வாடை அடித்தது. வாயில் பட்டிருக்கிறது என்று அவனே சொன்ன பிறகு அது அடிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இரண்டு விரற்கடையும் ஒரு கோடும்தான் கணக்கில் இருந்தன. "போதும்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன்.

அவன் கத்தவில்லை. குழாயைப் பாட்டிலில் திரும்பச் செருகி, ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு, "அக்கா, வர்றேன்" என்றான். மலைக்குப் போகும் கடைசி ஜீப்பு புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அவன் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருக்கவேண்டும். நான் போய்ப் பார்க்கவில்லை. என் மனைவி மறுநாள்தான் என்னிடம் பேசினாள், சாப்பாடு பற்றி மட்டும்.

புதன்கிழமை காலை மூன்று அயிரைகள் செத்து மிதந்தன. தொட்டி நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அது புதிதல்ல. நாலைந்து நாட்களாகவே நிறம் மாறியிருந்தது. முந்திய வாரம் நான் தொட்டிக்குள் போட்டிருந்த ஒரு மரவேர்க்கட்டையின் சாறு என்று எழுதியிருந்தேன். நீரை மாற்றக் கை விட்டபோது விரலில் ஒரு பிசுபிசுப்பு. நாக்கில் வைத்துப் பார்த்தேன். லேசான இனிப்பு, பின்னால் புளிப்பு.

நாட்குறிப்பை எடுத்து உட்கார்ந்தேன். இடது பக்கம் பாட்டிலுக்கு, வலது பக்கம் தொட்டிக்கு என்று பிரித்து எழுதுவது என் வழக்கம். இடது பக்கம்: "மட்டம் இரு விரற்கடை குறைவு." வலது பக்கம், அதே வெள்ளிக்கிழமை: "நீர் நிறம் மாற்றம். மீன்கள் மேலே வந்து வாய் திறக்கின்றன." அதற்குக் கீழே: "சொட்டு அறை நீர் கலங்கல். மாற்றினேன்." மூன்றையும் என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் படிக்கவில்லை.

புதுக் கரைசல் போட்டு, பாட்டிலை அதே மேல் பலகையில் வைத்து, உச்சி வெயில் நேரத்தில் ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தேன். சூட்டில் நுரை பொங்கி பாட்டிலின் கழுத்துக்கு வந்தது. குழாய்க்குள் நுழைந்தது. பலகையின் விளிம்பில் வளைவைத் தாண்டி, கரைசலையும் இழுத்துக்கொண்டு சொட்டு அறைக்கும் அங்கிருந்து தொட்டிக்கும் இறங்கியது. தரையில் இருந்த நாட்களில் நுரை குழாயில் ஏறினாலும் மேல்நோக்கித்தான் போயாக வேண்டும், பாதியில் திரும்பிவிடும். மேலே வைத்ததால்தான் இறங்க வழி கிடைத்தது. இறங்கிய கரைசலின் கசடுதான் முருங்கைக் குச்சியை அடைத்திருந்தது. அடைப்பு இருக்கிறது என்று அவன் சொன்னதும் சரி.

ஞாயிற்றுக்கிழமை, அவன் இருக்கும் இடத்தை ஸ்டாண்டில் விசாரித்துக்கொண்டு, ஜீப்பில் மலையேறினேன். கிளம்பும்போது என் மனைவி ஒரு கம்பளியை மடித்துக் கொடுத்தாள். "இதக் குடுத்துட்டு வாங்க. அவன் கிட்ட எதுவும் கேக்காதீக" என்றாள்.

ஏலக்காய் உலர்த்தும் கூடம் ஒன்றில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தான். பச்சை ஏலக்காய் காயும் மணம் அந்த இடத்தில் மூச்சை அடைத்தது. அங்கே வேறு எந்த வாடையும் தெரியாது. அது தெரியாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

"கண்டுபிடிச்சிட்டேன் மாப்ளே. நுரை. குழாய் வழியா தொட்டியிலதான் இறங்கியிருக்கு. நீ தொடல."

"நான் தொடலைன்னு எனக்குத் தெரியுமே மச்சான்" என்றான்.

ஒரு விறகை உள்ளே தள்ளினான். பிறகு, அவனுக்கே உரிய மெக்கானிக் புத்தி விடவில்லை போலும், "கீழ இருந்தப்ப நுரை தாண்டலயே?" என்றான்.

"ஒசரத்துல வச்சதுதான் தப்பு."

"ஏன் மச்சான் ஒசரத்துல வச்சீக?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. பதில் தெரியாமலும் கேட்கவில்லை. நான் சொல்லிவிடுவேனா என்று பார்த்தான் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

"வெயில் படட்டும்னுதான்" என்றேன்.

"ஆமா. குளிரு காலம்" என்று சொல்லி அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். கம்பளியை ஒரு சாக்கின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

பொங்கலன்று ஜீப்பின் சொந்தக்காரர் சொன்னபடி வந்தார். அவன் இல்லாத வீட்டில் காப்பி குடித்துவிட்டு, சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அவன் கீழே வேலைக்கு வரவே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்க வருகிறான். குடிக்கிறானா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை. அக்காவிடம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவான். என்னோடு பேசும்போது மட்டும் இரண்டடி தள்ளி நின்று, வாயைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பேசுகிறான்.