பீரோவில் இருந்த மலையேறும் ஷூ

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் எங்களில் பாதிப் பேர் வேலைக்குப் போவது ரப்பர் செருப்பில்தான். நான் செக்கர். லைனில் வரும் ஒவ்வொரு ஜோடியையும் கவிழ்த்து, சோல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு ஆர்டர் முடிந்தபோது மிச்சமான சாம்பிள் ஜோடி ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். மலையேறுகிறவர்கள் போடும் ஷூ, என் வீட்டுக்காரர் அளவு. நான் அவரைப் போட விட்டால்தானே! பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்து, பொட்டு வைத்து, மறுபடியும் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். எங்கள் தெருவில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை.

போன தை மாதம் மகள் எங்கள் இருவரையும் அந்தமானுக்கு அனுப்பிவைத்தாள். அங்கே எல்லாவற்றிலும் உயரமானது சாடில் பீக் மலை. அதன் உச்சியில் நின்றே ஆக வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. காலில் சின்னக் கீறல்கூடப் படக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எனக்கு அந்தப் பயம்தான். அதனால்தான் கிளம்பும்போது பீரோவைத் திறந்தேன்.

"இத்த மாட்டிக்கினு இமயமலையே ஏறலாம்" என்றேன். எனக்கு அவ்வளவு திமிர்.

கடற்கரை ஓரமாகவே வெகுதூரம் நடந்து, பிறகு காட்டுக்குள் ஏறினோம். வழியெல்லாம் வேரும் சேறும். வழிகாட்டி முன்னால் போனார். பிளாஸ்டிக் ஷூதான் போட்டிருந்தார். பார்த்து மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். நடுவில் நான், பின்னால் என் வீட்டுக்காரர். பாதி மலை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்பதாம்மா ஷூ கால்ல பழகுது. லேசா இருக்குது."

"பின்ன? யாரு பாஸ் பண்ண ஷூ அது!"

உச்சிக்கு வந்துவிட்டோம். மரங்களுக்கு நடுவே கடல் ஒரு துண்டு தெரிந்தது. அவர் ஒரு பாறைமேல் ஏறிக் கையை விரித்து நின்று, "போட்டோ எடு" என்றார். போனை நீட்டினேன். அவர் ஏறிப் போன பாறையில் சிவப்பாக ஏதோ இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. ரத்தம் என்று புரிந்ததும் போனைப் பையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அவரை உட்காரவைத்து வலது காலைத் தூக்கிப் பார்த்தேன். சோலே இல்லை. தைத்த தோல் அப்படியே மேலே பளபளக்கிறது. அடியில் ஊறிக் கிழிந்த காகித அட்டை, அதில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் அவர் பாதம். ஏதோ வேர்முனை குத்தி ஆழமாகக் கிழித்திருந்தது. அட்டையின் ஓரத்தில் மிச்சமிருந்த சோலைத் தொட்டேன். ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

போடாமல் வைத்தால் இந்த வகை சோல் நாளாக நாளாகத் தானாகவே நொறுங்கும். எனக்குத் தெரியாதா? கிடங்கில் கிடந்த பழைய பெட்டிகளை நானே பிரித்து ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அது கம்பெனி சரக்கு, இது என் வீட்டுப் பொருள் என்று இருந்துவிட்டேன். பீரோவிலும் பொட்டிலும் என் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

"எப்பங்க கழண்டுச்சி?" என்று கத்தினேன்.

"தெர்லயே" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். "பயப்படாத. வலிக்கவே இல்ல."

ரத்தத்தைப் பார்த்தபோதுகூட நான் இப்படி ஆடிப் போகவில்லை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது, அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். வழிகாட்டி தன் பிளாஸ்டிக் ஷூவைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு முன்னால் இறங்கினார். என்னால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள், எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக யார் யாரோ போடப்போகும் ஷூவையெல்லாம் கவிழ்த்துப் பார்த்த நான், இவர் பாதத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இப்போது தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு காலையும் மடியில் வைத்துக் குதிகாலிலிருந்து விரல் இடுக்கு வரை பார்க்கிறேன்.

"இன்னா, பாஸா ரிஜெக்ட்டா?" என்று தினமும் கேட்கிறார். அதற்கு எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.