ஸுஹைறாவின் நேர்ச்சைக் கொடி

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அன்று பள்ளிவாசல் முற்றத்தில் முந்நூறு பேராவது நின்றார்கள். அத்தனை பேரும் சேர்ந்தா பொய் சொல்வார்கள்?

இந்தியாவில் நாகூர்க் கந்தூரிக்குக் கொடி ஏறும் அதே பிறையில், கல்முனைப் பக்கம் கடலோரத்துச் சின்னப் பள்ளி ஒன்றிலும் கொடி ஏறும். நேர்ச்சை வைத்தவர்கள் தங்கள் கொடியோடு ஊர்வலமாக வருவார்கள். போன வருடம் ஸுஹைறாவும் ஒரு கொடி நேர்ந்திருந்தாள். மருதமுனைத் தறியில் நெய்த பச்சைத் துணி. புருஷன் றுமைஸ் வீடு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

நஜீமின் போட்டில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவன் றுமைஸ். மாதக்கணக்காக ஆளைக் காணவில்லை. "கடல்ல விழுந்தவன இந்தியப் போட் ஒண்டு ஏத்திட்டுப் போயிட்டு. அங்க ஜெயில்லதான் இருப்பான்" என்று நஜீம் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். படுபாவி. அந்தப் பேச்சை நம்பி, புருஷன் செத்தால் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கும் இத்தாவும் அவள் இருக்கவில்லை. மவுத்தா ஹயாத்தா, செத்தானா இருக்கிறானா என்று தெரியாமல், கைக்குழந்தையோடு கிடந்து வெந்தாள்.

கொடி ஏறும் அன்று அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கொடியைத் தூக்கி வந்தது அவளுடைய தம்பி நிப்றாஸ். பள்ளி வாசலில் நஜீம் குறுக்கே வந்தான்.

"ஸுஹைறா எனக்குத் தங்கச்சி மாதிரி. அவட கொடிய நான்தான் இழுப்பன்."

அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது. நாலு பேர் பார்க்க நல்லவனாக வேண்டும் அவனுக்கு.

பின்னேர அஸர் தொழுகை முடிந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஸலவாத்துச் சத்தத்துக்கு நடுவே நஜீம் முன்னால், நிப்றாஸ் பின்னால் கயிற்றைப் பிடித்தார்கள். கொடி ஏறியது.

நிப்றாஸ் முதலில் கவனித்தது காற்றை. மற்றக் கொடிகளெல்லாம் ஊர்ப் பக்கம் பறந்தன. இது மட்டும் கடல் பக்கம் பறந்தது.

பிறகு... சொட்டு. சொட்டு.

காய்ந்த துணியிலிருந்து தண்ணீர் விழுந்தது. நஜீமின் முகத்தில் மட்டும். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. நஜீம் உதட்டை நக்கிப் பார்த்தான்.

"உப்பு..."

"நஜீம் காக்கா, கயித்த விடுங்க."

"விட ஏலாதுடா. மேல இருந்து இழுக்கான்."

"ஆரு?"



கர்ர்ர்... கொடிமரத்து உச்சியில் கப்பி தானாகச் சுற்றியது. கயிறு நஜீமின் மணிக்கட்டில் சுருண்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவனுடைய குதிகால் நிலத்தை விட்டு எழும்பியது.

"அறுடா நிப்றாஸ்... அறு..."

கயிற்று நுனியைச் சீவக் கொண்டுவந்த கத்தி நிப்றாஸின் இடுப்பில் இருந்தது. கையை வைத்தான்.

அதற்குள் நஜீம் மேலே பார்த்துக் கெஞ்சத் தொடங்கினான்.

"றுமைஸ்... மாப்புச் செய்யிடா. போட் கவிழப் பாத்திச்சி. அதான் நீ புடிச்சிருந்த கயித்த அறுத்தன்..."

நிப்றாஸ் கத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனை யார் குறை சொல்வது?

க்ளக்...

நஜீமின் வாயால் தண்ணீர் பொங்கியது.

கயிறு தளர்ந்தது.

விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவனுடைய நெஞ்சை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எந்த இடத்துக் கடல்ல எடுத்தீங்க?"

"கடல்ல இல்ல டொக்டர். பள்ளி முத்தத்துல."

டொக்டர் நிப்றாஸை ஏற இறங்கப் பார்த்தார். நஜீம் மூழ்கிச் செத்திருக்கிறான், நுரையீரல் முழுக்கக் கடல்தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள்.

இருட்டி, மஹ்ரிபுத் தொழுகைக்குப் பிறகு நிப்றாஸ் ராத்தா ஸுஹைறாவின் வீட்டுக்குப் போனான். மச்சான் றுமைஸ் மவுத்து என்பதை எந்த வாயால் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தான். தெருவில் ஒருவரும் இன்னும் அங்கே போயிருக்கவில்லை.

கதவைத் திறந்தான். ஸுஹைறா வெள்ளை உடுத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இத்தாவில் இருந்தாள்.

"ஆரு ராத்தா சொன்ன?"

அவள் அழவில்லை.

"அவருதான். அஸர் பாங்கோட வந்தார். புள்ளையக் கொஞ்சினார். 'நான் மவுத்தாகிட்டன், நீ இத்தா இரு' எண்டார்."

"பிறகு?"

"இருங்களன் எண்டன். 'நஜீம் காக்காவோட கொஞ்சம் கதைக்கணும்' எண்டு பள்ளிப் பக்கம் போனார்."