ஏணி இல்லாத பலகை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். "வெளிய சொல்லிராதீக, எல்லாரும் சிரிப்பாக" என்று என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டாள். இப்போது அவள் இல்லை. பிள்ளையும் எங்களுக்கு இல்லை. நான் சொல்லாவிட்டால் அவள் எழுத்துப் படித்த கதை என்னோடு போய்விடும்.

எனக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டும் கைங்கரியம் இருந்ததால் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு வர முடியாது. வார லீவுக்குத்தான் நான் போவேன். "தனியா ரயிலேறத் தெரிஞ்சா பூக்கட்டுற முறையில்லாத நாள்ல வந்து பொங்கிப் போடுவேன். எழுத்துச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

சிலேட்டைக் கண்டால் அவளுக்குக் கொட்டாவி வரும். வைகுண்ட ஏகாதசிக்கு ஆடும் பரமபதப் படத்தை எடுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதினேன். சோழி உருட்டிப் புளியங்கொட்டையை நகர்த்த வேண்டும். நின்ற கட்டத்து எழுத்தைச் சொன்னால் ஏணியில் ஏறலாம், பாம்புக்கும் தப்பலாம். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. நான் இல்லாத நாளெல்லாம் எனக்கும் சேர்த்து அவளே உருட்டினாள்.

"நேத்து உங்க காயைப் பாம்பு கடிச்சிருச்சு."

"ஏட்டி, ஆளில்லாத நேரத்துல என்னைப் பாம்புக்குக் குடுத்திட்டியா?"

"நீங்க வாயைத் தொறந்து எழுத்தைச் சொல்லல. நான் என்ன செய்ய?"

எல்லாக் கட்டமும் பாடமானதும், "ஸ்டேஷனுக்கு வராதீக, பலகையைப் படிச்சு நானே எறங்கிக்கிடுதேன்" என்று ரயிலேறினாள். பொழுது சாயும்போது எதிர்வண்டியில் திரும்பி, என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. யாரையும் கேட்க ரோஷம் விடாமல், ராஜபாளையம் தாண்டிச் சங்கரன்கோவில் வரை போயிருக்கிறாள். "பலகை எம்புட்டுப் பெருசா நிக்கி, கண்ணு தெரியலையாம்மா?" என்றானாம் அங்கே அவளை எதிர்வண்டியில் ஏற்றிவிட்ட போர்ட்டர்.

"படத்துல 'ரா' ஏணிக்குக் கீழ இருக்கும். பலகையில ஏணியும் இல்ல, பாம்பும் இல்ல. எதை வச்சுத் தெரிஞ்சுக்கிட?" என்று அழுதாள்.

எழுத்தை அல்ல, கட்டம் இருக்கும் இடத்தைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரே படத்தைத் தனியே அத்தனை நாள் ஆடியவளுக்கு வேறென்ன வரும்?

அந்த வாரமே படத்தைக் கத்தரித்தேன். "சாமி படமாச்சே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாள் இருக்கும் மேல்கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துண்டாக்கிக் கலைத்துப் போட்டேன். எழுத்தைச் சொன்னால் துண்டு அவளுக்கு, தவறினால் எனக்கு.

அடுத்த தடவை அவள் வந்தபோது, வேலை முடிந்து நான் அறைக்குத் திரும்புமுன் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

மேல்கட்டம் இன்றும் பூஜை மாடத்தில் இருக்கிறது. ரயிலில் போகையில் ராஜபாளையம் ஸ்டேஷன் வந்தால் பலகையை வாய்விட்டுப் படிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் சங்கரன்கோவிலோடு நிறுத்திச் சிரித்துவிட வேண்டாம். உலை கொதித்தது வரைக்கும், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.